அரசனை ஆக்கிய அதிகாரம்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்த பேருந்து பேராதனையை நோக்கி ஓடத் தொடங்கும்போது வழியில் வரும் ஊர்களுள் பிலிமத்தலாவை என்பதும் ஒன்று. பித்தளைக் குத்துவிளக்குகளும் தாம்பாளங்களும் அடுக்கிய கடைகளையும், 1344 ஆம் ஆண்டில் கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்திய ஸ்தபதி திராவிடச் சிற்ப முறையில் கல்லிலே எழுப்பிய கதலாதெனிய விகாரைக்குப் பிரியும் பாதையையும் தவிர, அவ்வூரில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று பிரயாணிகள் நினைத்துவிடுவது இயல்பே. ஆனால் கண்டி ராஜ்யத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதிய கை எது என்று கேட்டால், சிம்மாசனத்தில் இருந்த மன்னனின் கை என்றோ, கொழும்புக் கோட்டையில் இருந்த ஆங்கிலத் தேசாதிபதியின் கை என்றோ சொல்வதைவிட, இந்த ஊரின் பெயரைத் தம் குடிப்பெயராகக் கொண்டிருந்த பிரதம மந்திரியின் கை என்று சொல்வதே பெரும்பாலும் பொருந்தும்.

பிரதம மந்திரி என்ற இக்காலச் சொல்லை அக்காலத்துப் பதவிக்குச் சூட்டுவதில் சிறிது பிசகு உண்டு. கண்டியில் அப்பதவிக்கு மகா அதிகாரம் என்று பெயர். மன்னனுக்கு அடுத்தபடியாக இரண்டு அதிகாரங்கள் இருந்தனர்; பல்லேகம்பஹ என்னும் பிரிவுக்குரியவர் முதலாமவர், உடகம்பஹ என்னும் பிரிவுக்குரியவர் இரண்டாமவர். ராஜ்யத்தின் மாகாணங்களை இவ்விருவரும் பங்கிட்டு மேற்பார்வை செய்தனர். மாகாணங்களை ஆண்ட திசாவைகளின் விண்ணப்பமும், அந்நிய நாட்டார் அனுப்பும் கடிதமும், இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு ஆள் திரட்டும் கட்டளையும், பெரிய நியாயஸ்தலத்தின் வழக்கும், நகரத்தின் காவலும், சிறைச்சாலையின் திறவுகோலும் அதிகாரத்தின் கையைத் தொடாமல் நகர்வதில்லை. மரண தண்டனை விதிக்கும் உரிமை மாத்திரம் மன்னனுக்கே உரியது. அதிகாரம் வீதியில் புறப்பட்டால் முன்னே சாட்டைக்காரர் சாட்டையை ஓங்கிச் சொடுக்கி வழி விலக்குவர். இன்றும் எசல பெரஹெராவின் முகப்பில் சாட்டை சொடுக்கிச் செல்வோரைக் காண்கிறவர்கள் அந்த ஓசையிலிருந்து அக்காலத்து ஆடம்பரத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி நாட்டிலே கைதியாக வாழ்ந்து 1681 இல் தம் நூலை வெளியிட்ட ரொபர்ட் நொக்ஸும், கடைசி மன்னனின் காலத்தில் ஒற்றர் வலை விரித்துப் பின்னர் கண்டியிலேயே ஆங்கில ரெசிடெண்டாக அமர்ந்த ஜோன் டொயிலியும் இப்பதவியின் மேன்மையை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு வல்லமைக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். அது மன்னனின் பிரசாதம். அதிகாரத்துக்குச் சம்பளம் கிடையாது. பதவியோடு சேர்ந்த நிலங்களின் விளைவும், கீழுள்ளவர்கள் செலுத்தும் காணிக்கையும்தான் வருமானம். பதவி பெறும்போது தாமும் மன்னனுக்குத் தெக்கும் என்னும் காணிக்கையைச் செலுத்தியாக வேண்டும். மன்னன் முகம் சுளித்தால் பதவியும் நிலமும் மறு நாளே வேறொருவர் கைக்குப் போய்விடும். வள்ளுவர் அமைச்சு முதல் அவையஞ்சாமை வரை பத்து அதிகாரங்களை மந்திரிகளுக்கென்று ஒதுக்கி, அவற்றின் நடுவே மன்னரைச் சேர்ந்தொழுகல் என்று ஒரு தனி அதிகாரத்தையும் வைத்ததன் அவசியம், கண்டி மந்திரிகளின் சரித்திரத்தைப் படித்தால் நன்கு விளங்குகிறது.

அந்த மன்னர்கள் யார் என்பதைச் சொல்லாமல் மந்திரியின் கதையைச் சொல்ல முடியாது. 1739 இல் வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இறந்தபோது பட்டத்து மகிஷிக்குப் பிள்ளை இல்லை. சிங்களப் பிரபு குலத்துப் பெண்ணிடம் அவனுக்கு உனம்புவை என்று ஒரு மகன் இருந்தான். ஆனால் க்ஷத்திரிய குலத்துத் தாய் வயிற்றில் பிறக்காதவனுக்குச் சிம்மாசனம் இல்லை என்ற கொள்கை அவனுக்குக் குறுக்கே நின்றது. ஆகவே மதுரை நாயக்கர் குடும்பத்திலிருந்து மணம் முடித்து வந்த அரசியின் சகோதரன், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பட்டப் பெயரோடு முடி சூடினான். அவனும், அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்போரும் ஆக நால்வர் எழுபத்தாறு ஆண்டுகள் அரசு செலுத்தினர். தென்னாட்டிலிருந்து வந்த இவர்களே சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து 1753 இல் பிக்குகளின் உபசம்பதா தீக்ஷையைப் புதுப்பித்தார்கள் என்பதும், தலதா மாளிகையின் உற்சவத்துக்கு இன்றைய பொலிவைக் கொடுத்தார்கள் என்பதும் பலரும் அறிந்ததே.

குல வழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் கண்டிப் பிரதானிகள் இந்த ஏற்பாட்டுக்கு இசைந்தார்கள் என்று சொல்வது முழு உண்மை ஆகாது என்பது என் அபிப்பிராயம். பிரதானிக் குடும்பங்களுக்குள்ளே ஒருவர் முடி சூடினால் மற்றவர் தாழ வேண்டும். மலையிலே வேரில்லாத, சொந்தப் படைபலமில்லாத ஓர் அந்நியன் அரியணையில் இருந்தால் எல்லாக் குடும்பங்களும் சமமாக இருந்து, மன்னனைத் தங்கள் தயவில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு பலித்த காலமும் உண்டு, பொய்த்த காலமும் உண்டு. 1760 இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைப் பண என்னும் பௌத்த உபதேசம் ஓதும் மண்டபத்தில் ஆசனத்துக்குக் கீழே குழி பறித்துக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்ற வழக்கில், அக்காலத்து அதிகாரமாகிய சாமனக்கோடியே தலையை இழந்தார். பிலிமத்தலாவை அந்தச் செய்தியைக் கேட்டே வளர்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து அவர் கற்றது, பொறுமை வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை போலும்.

ராஜாதி ராஜசிங்கன் கவிதையிலும் சாஸ்திரங்களிலும் ஈடுபாடு மிக்கவன். அவனுடைய ஆட்சியின் பிற்பகுதியில் பிலிமத்தலாவை முதலாம் அதிகாரமாக அமர்ந்தார். அக்காலத்தில்தான் கடற்கரையில் எஜமானர்கள் மாறினர். 1795 இல் ஆங்கிலேயர் திருகோணமலையையும், மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1796 இல் சென்னையில் கண்டித் தூதருக்கும் கம்பெனியாருக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கையை மன்னன் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த நிலையில் 1798 இல் அவன் வாரிசின்றி மரணமடையவே, ராஜ்யத்தின் விதியை நிர்ணயிக்கும் பொறுப்பு முதலாம் அதிகாரத்தின் மடியில் வந்து விழுந்தது.

அரசியின் சகோதரன் முத்துசாமி உரிமை கோரினான். பிலிமத்தலாவையோ அவனை ஒதுக்கிவிட்டு, அரச குடும்பத்து உறவினனாகிய கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனைத் தேர்ந்தெடுத்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று முடி சூட்டினார். வயதில் முதிர்ந்தவனும் ஆதரவாளர் உடையவனுமாகிய ஒருவனை விட்டு, அரசியல் அனுபவமே இல்லாத பிள்ளையைத் தேடிப் பிடித்ததன் காரணம் வெளிப்படை. இதை எதிர்த்த இரண்டாம் அதிகாரம் அரவ்வாவலை சிரச்சேதம் செய்யப்பட்டார். முத்துசாமி ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தான். கண்ணுசாமி உண்மையில் அதிகாரத்தின் மகனே என்று அக்காலத்தில் ஒரு வதந்தி உலவியது. இன்றும் அதைச் சுவையோடு சொல்வார் உண்டு. அதை நம்புகிறவர்கள், ஒரு தந்தை தன் மகனுக்கு முடி சூட்டிய சில மாதங்களிலேயே அவனைக் கொல்ல அந்நியரோடு பேரம் பேசினான் என்பதையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கும்.

ஏனெனில் அந்தப் பேரம் நடந்தது. 1798 அக்டோபரில் இலங்கைக்கு வந்த தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்தை, 1799 இன் தொடக்கத்தில் கண்டி எல்லையை அடுத்த அவிசாவளையில் அதிகாரம் சந்தித்தார். நாயக்கர் வம்சத்தை அகற்றிவிட்டுத் தாமே ஆளவேண்டும் என்ற விருப்பத்தை அவர் மறைமுகமாகவும், பின்னர் வெளிப்படையாகவும் தெரிவித்தார். கொலைக்கு உடந்தையாக நோர்த் இசையவில்லை. ஆனால் பேச்சை முறித்துவிடவும் இல்லை. மன்னன் உயிரோடும் பட்டத்தோடும் இருக்கட்டும், ஆங்கிலப் படையொன்று கண்டிக்குள் இருக்கட்டும், உண்மையான ஆட்சி அதிகாரத்திடம் இருக்கட்டும் என்பது அவருடைய யோசனை. இந்த யோசனையின் ஊற்று எங்கே என்பது தமிழ்நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே 1799 இல் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தான்; அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான்; அதே மாதம் தஞ்சை சரபோஜி தம் ராஜ்யத்தின் ஆட்சியைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். தென்னாட்டில் ஒவ்வொரு சமஸ்தானமாகச் சுற்றிவந்த வலையைத்தான் நோர்த் மகாவலி கங்கைக் கரையிலும் வீசிப் பார்த்தார்.

பிலிமத்தலாவைக்கு இது தெரியாமல் போயிற்றா? பலர் அவரைத் துரோகி என்றே எழுதி முடித்துவிடுகிறார்கள். என் எண்ணத்தில் அவருடைய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் கண்டி ஒன்றரை நூற்றாண்டாக ஒருவருக்கு எதிராக ஒருவரை ஏவிவிட்டுப் பிழைத்து வந்திருந்தது. போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரை அழைத்தார்கள். ஒல்லாந்தரைத் துரத்த ஆங்கிலேயரை அழைத்தார்கள். வந்தவன் கடற்கரையில் கறுவாப்பட்டையை எண்ணிக்கொண்டிருப்பான், மலைக்கு ஏறினால் காய்ச்சலில் சாவான் என்பது அவர்களுடைய அனுபவம். 1638 இல் கன்னொருவையில் போர்த்துக்கேயப் படை அழிந்ததும், 1765 இல் கண்டியைப் பிடித்த ஒல்லாந்தர் அங்கே தரிக்க முடியாமல் திரும்பியதும் அதற்குச் சான்று. நாயக்கரைத் துரத்த ஆங்கிலேயரைப் பயன்படுத்திவிட்டு, பின்பு அவர்களையும் காட்டிடமும் காய்ச்சலிடமும் ஒப்படைத்துவிடலாம் என்று அதிகாரம் எண்ணினார். முதற் பகுதி நிறைவேறவில்லை. இரண்டாம் பகுதியோ பயங்கரமாக நிறைவேறியது.

1800 இல் ஜெனரல் மக்டொவல் தலைமையில் ஒரு தூது, பெரும் படையையும் பரிவட்டங்களையும் பரிசுகளையும் சுமந்துகொண்டு கண்டிக்குப் புறப்பட்டது. பீரங்கிகளையும் படையின் பெரும்பகுதியையும் வழியிலே ருவன்வெல்லையில் விட்டுவிட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. கண்டியார் காட்டிய பாதை அப்படி. அரண்மனையில் மரியாதைகளுக்குக் குறைவில்லை, காரியந்தான் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆங்கிலப் பிரஜைகளான புத்தளம் சோனக வியாபாரிகளின் கொட்டைப் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டனர் என்ற தகராறு எழுந்தது. நஷ்ட ஈடு கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1803 ஜனவரி இறுதியில் மக்டொவல் கொழும்பிலிருந்தும், கர்னல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் படையெடுத்தனர். இந்த யுத்தத்தை மூட்டியதே அதிகாரத்தின் தந்திரம் என்று கருதுவோர் உண்டு. அப்படியிருப்பது அசம்பாவிதமல்ல.

பெப்ரவரியில் படைகள் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரண்மனையிலும் தீ வைக்கப்பட்டிருந்தது. மன்னன் ஹங்குரான்கெத்தைக்குப் போய்விட்டான். ஆங்கிலேயர் முத்துசாமியை அரியணையில் ஏற்றினார்கள். ஆனால் அந்த அரசனைக் காண ஒரு பிரதானியும் வரவில்லை, அரிசி கொண்டுவர ஒரு குடியானவனும் வரவில்லை. மழை தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. இந்த நேரத்தில் அதிகாரம் சமாதானப் பேச்சை ஆரம்பித்தார். மே மாதத்தில் தம்பதெனியாவில் நோர்த்தும் அவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். மன்னனை ஆங்கிலேயரிடம் ஒப்படைப்பது, முத்துசாமி யாழ்ப்பாணத்தில் உபகாரச் சம்பளத்தோடு ஒதுங்குவது, பிலிமத்தலாவை உத்தும் குமாரயா என்ற பட்டத்தோடு கண்டியை ஆள்வது என்று ஏற்பாடாயிற்று. அந்தச் சந்திப்பில் தேசாதிபதியையே சிறைபிடித்துக்கொண்டு போக அதிகாரம் ஆயத்தமாக வந்திருந்தார் என்றும், எதிர்பாராமல் ஒரு மலாய்ப் படைப்பிரிவு வந்து சேர்ந்ததால்தான் அது கைகூடவில்லை என்றும் ஆங்கிலேயர் பின்னாளில் நம்பினர்.

ஒரு மாதமும் சில நாட்களும் கழிந்தன. மேஜர் டேவி என்பவரின் கீழ் கண்டியில் விடப்பட்டிருந்த படையில் நிற்கத் திராணியுள்ளவர்களைவிடப் படுக்கையில் கிடந்தவர்கள் அதிகம். ஜூன் 24 ஆம் தேதி கண்டிப் படைகள் நாற்புறமும் வளைத்துத் தாக்கின. டேவி சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்று, நகரத்துக்கு அண்மையில் வட்டப்புளுவையில் மகாவலி கங்கையின் கரையை அடைந்தார். ஆறு கரை புரண்டு ஓடியது; ஓடம் இல்லை. முதலில் முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி தயங்கினார், பின்பு கொடுத்துவிட்டார். அந்தத் திக்கற்ற மன்னன் கொல்லப்பட்டான். பிறகு ஆயுதங்களைக் கேட்டார்கள், அவற்றையும் கொடுத்தனர். அதன்பின் நிராயுதபாணிகளான சிப்பாய்கள் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டார்கள். நகரத்து மருத்துவமனையில் கிடந்த பிணியாளர்களும் தப்பவில்லை. பார்ன்ஸ்லி என்ற ஒரு கார்ப்பரல் கழுத்தில் வெட்டுக் காயத்தோடு தப்பி, மாத்தளைப் பக்கத்து ஆங்கிலக் காவலரணுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். டேவி கைதியாகவே பல ஆண்டுகள் கண்டியில் வாழ்ந்து அங்கேயே இறந்தார்.

அந்தக் கொலைக்கு உத்தரவிட்டது மன்னனா, மந்திரியா என்று அன்றிலிருந்து வாதிட்டு வருகிறார்கள். கண்டிக்குக் கிடைத்த இந்த வெற்றி மந்திரிக்கு நன்மை செய்யவில்லை என்பதில் மாத்திரம் சந்தேகம் இல்லை. முத்துசாமி போய்விட்டான், ஆங்கிலேயரும் போய்விட்டார்கள், இளைஞனாக வந்தவன் வெற்றி வீரனாக, இருபத்து மூன்று வயது மன்னனாக நின்றான். அதே ஆண்டு ஹங்வெல்லைக்குத் தானே படையோடு இறங்கிச் சென்று தோற்றுத் திரும்பினாலும், இனி ஒருவர் கைப்பிடித்து நடக்க வேண்டியவனாக அவன் இல்லை. அந்நியனாகையால் தம்மை அண்டியே பிழைப்பான் என்று அதிகாரம் கணக்கிட்டிருந்தார். உறவும் குடியும் எந்தப் பிரதானியோடும் பிணைக்கப்படாத அந்த அந்நியனுக்கு, யாருடைய தயவையும் உதறித் தள்ளுவது எளிதாக இருந்தது.

நகரத்தைத் திருத்தி அமைக்கும் ஆசை அம்மன்னனுக்கு மிகுதி. தேவேந்திர மூலாசாரி என்னும் சிற்பியைக் கொண்டு தலதா மாளிகையின் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவவை எழுப்பினான். 1807 முதல் மாளிகைக்கு எதிரிலிருந்த வயல்களைத் தோண்டி, இன்று கண்டிக்கு வருகிற ஒவ்வொருவரும் சுற்றி உலாவும் வாவியை ஆக்கினான். இவை யாவும் இராசகாரிய ஊழியம். மலைநாட்டுக் குடியானவர்கள் தங்கள் வயலை விட்டு நகரத்துக்கு வந்து மண் சுமக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய முறையீடுகளை அதிகாரம் மன்னனிடம் எடுத்துரைத்ததாகவும், மன்னனுக்கு அது ரசிக்கவில்லை என்றும் சொல்வர். பிரதானிகளுக்கும் மன்னனுக்கும் இடையே விரிசல் இந்த வாவிக் கரையிலேதான் அகன்றது. வாவியின் அழகைப் பாராட்டுகிற நமக்கு, மண் சுமந்தவர்களின் கட்சியைப் பேசியவர் அரசாட்சியை விரும்பிய ஒரு சூழ்ச்சிக்காரர் என்பது சிறிது சங்கடமான செய்திதான்.

இறுதிக் காரணம் ஒரு விவாகம். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் வழியில் வந்த ஒரு பெண்ணைத் தம் மகனுக்கு மணம் முடித்துவைக்க அதிகாரம் முயன்றார். முப்பாட்டன் காலத்து வழக்கப்படி அரச இரத்தம் இல்லாமல் அரியணை இல்லை அல்லவா; அந்த இரத்தத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவரும் மார்க்கம் இது என்பதை மன்னன் உடனே உணர்ந்தான். பதவி பறிபோயிற்று. பின்னர், மன்னனுடைய மெய்க்காவலரான மலாய்க்காரர்களைக் கொண்டு அவனை அரண்மனையிலே கொன்றுவிடச் செய்த சூழ்ச்சியும் வெளிப்பட்டது. 1811 இல் பிலிமத்தலாவை சிரச்சேதம் செய்யப்பட்டார். மகன் உயிர் தப்பினான். மரண தண்டனைக்குரிய உத்தரவு மாத்திரம் மன்னன் கையிலே இருந்தது என்று முன்னே சொன்னேன்.

அவருக்குப் பின் அதிகாரமாக வந்த எகலப்பொலையும் அதே பாதையிலேயே நடந்தார். 1814 இல் சப்ரகமுவையில் கலகம் செய்து தோற்றுக் கொழும்புக்கு ஓடினார். கண்டியில் பிணையாக இருந்த அவர் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். அந்தக் கோரம் மன்னனின் கடைசி ஆதரவையும் கரைத்துவிட்டது. மறு ஆண்டு ஆங்கிலப் படை ஏறக்குறைய எதிர்ப்பின்றியே கண்டிக்குள் வந்தது. பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரையில் பிடிபட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே 1832 இல் காலமானான். மார்ச் 2 ஆம் தேதி மகுல் மடுவ மண்டபத்தில் வாசிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கை, மலபார் இனத்தார் எவருக்கும் கண்டி அரியணையில் உரிமை இல்லை என்று விதித்தது. எந்தப் பிரதானிகள் எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அந்த இனத்தாரை விரும்பி அழைத்தார்களோ, அவர்களுடைய வழித்தோன்றல்களே அதில் ஒப்பமிட்டனர். ஒப்பமிட்டவர்களுள் பிலிமத்தலாவை என்ற குடிப்பெயருடையவர்கள் இருவர். மூத்தவர் இரண்டாம் அதிகாரம். முதலாம் அதிகாரமாக இருந்தவர் மொல்லிகொடை. அரியணையை எதிர்பார்த்திருந்த எகலப்பொலைக்கு ஆங்கில அரசாங்கத்தின் நண்பர் என்ற பட்டமே கிடைத்தது. 1817 இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியின்போது அந்த நண்பரைச் சிறைபிடித்தார்கள். அவர் 1829 இல் மொரீஷியஸ் தீவில் இறந்தார்.

கிளர்ச்சி அடங்கியதும் 1818 நவம்பரில் வெளியிட்ட பிரகடனத்தின் மூலம் பிரதானிகளின் நீதி பரிபாலனமும் வருமானமும் ஆங்கில ஏஜெண்டுகளின் கைக்கு மாறின. அதிகாரம் என்ற பெயரை மாத்திரம் கௌரவப் பட்டமாக ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் சிலருக்கு வழங்கி வந்தார்கள். அப்படிப் பெற்றவர்களுள் ஜே. எச். மீதெனிய அதிகாரம் ஒருவர். அவருடைய மகளை மணந்தவர், தினகரனை நடத்திய லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ஸ்தாபகர் டி. ஆர். விஜேவர்தன, அந்தத் தம்பதியின் பேரன்தான் இலங்கையின் பிரதம மந்திரியாகப் பலமுறை பதவிப் பிரமாணம் செய்துகொண்ட ரணில் விக்கிரமசிங்க. 1815 இன் உடன்படிக்கையில் மாத்தளைத் திசாவையாக ஒப்பமிட்டவர் ஒரு ரத்வத்தை; 1960 இல் உலகத்தின் முதல் பெண் பிரதம மந்திரியாகிய சிறிமாவோ பண்டாரநாயக்க பிறந்ததும் ரத்வத்தை குடும்பத்திலேதான். பிலிமத்தலாவைக் குடியிலிருந்து அப்பதவிக்கு எவரும் வரவில்லை.